ரிவர்ஸில் கிரிவலம் போன வண்டி

செல்விக்கும் பாபுவுக்கும் அப்பா எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை காலையில் நம்ம அம்பாசிடர் பின்னாடி போனது. ஊரில் வண்டி முன்னாடி போனால்தான் கற்பூரம் காட்டுவார்கள். நான் அது பின்னாடி போனதற்கு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மெக்கானிக் ஷெரிப் பாய் ஜன்னல் பக்கம் வந்து, கண்ணுல தூசியா அண்ணே என்று கேட்டார். ஆமாம் பாய் என்றேன். நல்ல மனுஷன், அதற்கு மேல் கேட்கவில்லை.

பாபு, நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "ஓடுதா ஓடலையா, ஒரே வார்த்தைல சொல்லுப்பா" என்றாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் டிரைவராகவா இருந்திருப்பேன், ஆபீஸராக ஆகியிருப்பேன். செல்வி, நீ ஒன்றே ஒன்று கேட்டாய். அம்மா அதுல ஏறினாளா என்று. நீ கேட்டதுதான் சரியான கேள்வி. வண்டி ஓடுமா என்பதில் எனக்கும் பாய்க்கும் சந்தேகம் இல்லை. உங்கம்மா ஏறுவாளா என்பதுதான் சந்தேகம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஆபீஸில் இப்போது டிரைவர் என்று ஒரு வேலையே கிடையாது. வாடகை வண்டி வருகிறது, அதோடு ஒருத்தர் வருகிறார், அவருக்குப் போனில் இருக்கிற ஒரு பொம்பளைக் குரல் வழி சொல்கிறது. பென்ஷன் வேலையாகப் போனபோது அந்த டிரைவர்கள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உங்க காலத்துல ஐயாமாருங்க எப்படி வழி சொல்வாங்க என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். துறையின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். பென்ஷன் மாசாமாசம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

நான் டிரைவர் ஆன கதை சின்னது. பத்தாவதோடு படிப்பு நின்றது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காட்டில் டிராக்டர் ஓட்டினேன், நெல் லாரியில் கிளீனராகப் போனேன், லைசென்ஸ் எடுத்தேன், ஆபீஸில் சேர்ந்தேன். லைசென்ஸ் பரீட்சையில் எட்டு போடச் சொன்னார்கள். போட்டேன். அதற்கப்புறம் சர்வீஸ் முழுக்க, சொன்னதைப் போடுவதுதான் வேலை.

ஆபீஸ் வண்டியில் ஓட்டுவது சின்ன பாகம். கதவுதான் பெரிய பாகம். முதலில் வண்டியை நிறுத்துகிற இடம். முன் கதவு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், பின்பக்க இடது கதவு படிக்கட்டுக்கு நேராக நிற்க வேண்டும். ஐயாவின் செருப்பு மண்ணைத் தொடாமல் முதல் படியில் விழ வேண்டும். அப்புறம் நாம் இறங்கி, பானெட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். டிக்கிப் பக்கமாக வந்தால் ஐயாவுக்குப் பின்னால் போன மாதிரி ஆகிவிடும். இடது கையால் கதவைத் திறந்து, வலது கையை மேல் விளிம்பில் வைக்க வேண்டும், தலை இடிக்காமல் இருக்க. முகத்தைப் பார்க்கக் கூடாது, கையில் இருக்கிற பைலைப் பார்க்க வேண்டும். கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டும். அம்பாசிடர் கதவு சத்தமில்லாமல் சாத்தாது. அதனால் இடுப்பால் ஒரு அழுத்து. எனக்கு இப்போது இருக்கிற இடுப்பு வலிக்கு டாக்டர் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லவில்லை.

பின் சீட்டில் இடது பக்கம்தான் ஆபீஸர் சீட்டு. அதில் வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். வலது பக்கம் பைல் கட்டும் டிபன் கேரியரும் உட்காரும். கூட வருகிற சின்ன ஆபீஸர் யாராக இருந்தாலும் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். எந்தச் சட்டத்தில் இது எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சட்டத்தில் எழுதினதை மீறினவர்களைப் பார்த்திருக்கிறேன், இதை மீறினவர் ஒருத்தரையும் பார்த்ததில்லை.

எத்தனையோ ஐயாமார்கள் வந்தார்கள், போனார்கள். இந்தக் கதைக்கு ஒருத்தர் போதும். நாங்கள் அவருக்கு மலை ஐயா என்று பெயர் வைத்திருந்தோம். ஏன் என்று பின்னால் வரும். வெளியூர்க்காரர், கெட்டவர் இல்லை, யாரையும் திட்டினதில்லை. திட்ட வேண்டுமானால் பேச வேண்டுமே, அவர் என்னோடு பேசவே மாட்டார். எனக்குப் பக்கத்தில் முன் சீட்டில் தபேதார் கோவிந்தன் உட்கார்ந்திருப்பார். தபேதார் என்றால் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு ஆபீஸருக்கு முன்னால் நடக்கிறவர். ஐயா பின்னாலிருந்து கோவிந்தனிடம், மெதுவா போகச் சொல்லு என்பார். கோவிந்தன் என்னிடம், ஏழுமல, மெதுவா போகணுமாம் என்பார். நான், சரிங்கனு சொல்லுங்கண்ணே என்பேன். கோவிந்தன் திரும்பி, சரின்னுட்டாருங்க ஐயா என்பார். அதற்குள் மெதுவாகப் போக வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும்.

ஒரு தடவை கோவிந்தன் அம்மை போட்டு லீவில் இருந்தார். நானும் ஐயாவும் மட்டும் செங்கம் போனோம். இன்னிக்காவது நேராகப் பேசித்தானே ஆகணும் என்று நினைத்தேன். வளைவு வந்தது. ஐயா காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்து, "மெதுவா போகச் சொல்லு" என்றார். நான் என்ன செய்வேன். நானும் காலி சீட்டைப் பார்த்து, "சரிங்கனு சொல்லுங்கண்ணே" என்றேன். போய்வருகிற வரைக்கும் அந்தச் சீட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நன்றாகவே வேலை பார்த்தது. இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினேன். உங்கம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டுவிட்டாள். அப்போது அவளுக்கும் வண்டிக்கும் சண்டை இல்லை.

சண்டை வந்தது உன்னால்தான் செல்வி, நீ ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்ட அன்றைக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது வண்டி ஆபீஸ் வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் கோவிந்தனிடம் சொன்னேன், கோவிந்தன் உள்ளே போய்ச் சொன்னார். விதியில இடம் இருக்கான்னு பாக்கச் சொல்லு என்று பதில் வந்தது. கிளார்க் பார்த்தார். குடும்பத்தாரை ஏற்றக் கூடாது என்று தெளிவாக இருந்தது. அதே நேரத்தில் ஐயா பங்களாவிலிருந்து போன். அவர்கள் வீட்டு நாய் டைகருக்கு ஜுரம், வண்டி வேண்டும். கிளார்க் அதற்கும் விதியைப் பார்த்தார். நாய் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதாததற்குத் தடை இல்லை.

உங்கம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள், நானும் சைக்கிளில் வந்து சேர்ந்தேன். கையில் துணியைக் கட்டி நாங்கள் நிற்கிறபோது, மாற்று டிரைவர் ஓட்ட, நம்ம வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பின் சீட்டு இடது ஜன்னலில் டைகர் தலையை நீட்டிக்கொண்டு போனது. வெள்ளைத் துண்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. உங்கம்மா உன்னை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த நீ மட்டும் அழுகையை நிறுத்தி, நாய்க்கு டாட்டா காட்டினாய், நல்ல கையால்.

அன்றைக்கு ராத்திரி அவள் சொன்னது இதுதான்: "நாய் ஏறலாம், என் புள்ள ஏறக் கூடாது. இனிமே அந்த வண்டி பேச்ச இந்த வூட்ல எடுக்காதீங்க." பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் அவளே அதற்கு ஒரு பேர் வைத்தாள். மூத்தா. அதாவது எனக்கு அதுதான் மூத்த சம்சாரம், இவள் இளையவள். நான் நேரம் கழித்து வந்தால், மூத்தா விட்டுட்டாளா என்பாள். டியூட்டிக்குக் கிளம்பினால், மூத்தா காத்துக்கினு இருப்பா, போங்க என்பாள். உன் கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. அந்தப் பேரும் ஒட்டிக்கொண்டது, நேராகவே.

இனி மலை விஷயம்.

ஐயாவுக்கு பிரமோஷன் தள்ளிக்கொண்டே போனது. யாரோ ஜோசியர், நம்ம ஊர் மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வலம் வந்தால் தடை நீங்கும் என்று சொல்லிவிட்டார். ஊரே நடந்துதான் சுற்றுகிறது. ஐயா நடப்பாரா. ஒரு திங்கட்கிழமை சாயந்திரம், கள ஆய்வு என்று எழுதிவிட்டு வண்டியில் கிளம்பினார். செங்கம் ரோடு தாண்டினதுமே சங்கடம் தெரிந்துவிட்டது. வலம் வருகிறபோது மலை நமக்கு வலது கைப் பக்கம் இருக்கும். அது எனக்குத் தெரிந்தது, டிரைவர் சீட்டு வலது பக்கம்தானே. டிபன் கேரியருக்கும் தெரிந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஐயாவுக்குக் கரும்பு ஜூஸ் மிஷினும் லாட்ஜ் போர்டும்தான் தெரிந்தது.

நீங்கள் யாராக இருந்தாலும் என்ன செய்வீர்கள்? நகர்ந்து உட்காருவீர்கள். அடுத்த திங்கட்கிழமை ஐயா கோவிந்தனிடம் சொன்னார்: "இன்னிக்கு அந்தப் பக்கமா போகச் சொல்லு."

அந்தப் பக்கம் என்றால் சுற்று முடிகிற ஈசானிய லிங்கத்துப் பக்கமாக நுழைந்து, எதிர்த்திசையில். இந்த ஊரில் ஆடு மாடுகூட அப்படிச் சுற்றாது. கோவிந்தன் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏழுமல, போகணுமாம் என்றார். போனேன். குபேர லிங்கம் தாண்டும்போது நடந்து வருகிறவர்கள் எல்லாம் எங்களை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், எங்களுக்காக. நான் கண்ணாடியில் பார்த்தேன். ஐயா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மலை முழுசாகத் தெரிகிறது.

அடி அண்ணாமலையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினது போலீஸ் இல்லை, ஒரு பூக்காரம்மா. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் டீக்கடைக்காரர், காவி கட்டினவர்கள், ஆந்திராவிலிருந்து வந்த யாத்திரைக் கூட்டம் எல்லாம் சேர்ந்துவிட்டது.

"யோவ் டிரைவரு, எந்த ஊருய்யா நீ?" என்றாள்.

கீழ்பென்னாத்தூர் என்றேன்.

"நம்ம ஜில்லாக்காரன் தானே. மலைய இடது கைல வெச்சிக்கினு சுத்துறியே, வூட்ல கருமாதியா?"

உத்தரவும்மா என்றேன். அவள் பின் கண்ணாடியைக் கையால் காட்டி, "உத்தரவு போட்டவர எறங்கச் சொல்லு" என்றாள்.

கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே ஐயா கோவிந்தனைக் கேட்டார்: "அந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?"

"வண்டி வலமா போகணுமாம் ஐயா."

"போகச் சொல்லு."

"வலமா திரும்பினா மலை உங்களுக்கு அந்தப் பக்கம் போய்டுங்க ஐயா."

ஐயா யோசித்தார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். டிபன் கேரியரைப் பார்த்தார். ஒரு நிமிஷம், நகரப் போகிறார் என்றே நினைத்தேன். கேரியர் அப்படியே இருந்தது. கடைசியில் சொன்னார்: "மலை இந்தப் பக்கமே இருக்கட்டும். வண்டி அந்தப் பக்கம் போகட்டும். ஏற்பாடு பண்ணச் சொல்லு."

கோவிந்தன் இறங்கினார். வண்டியை ஒரு தடவை பார்த்தார், மலையை ஒரு தடவை பார்த்தார். பட்டையைச் சரி பண்ணிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். "ஏழுமல, திருப்பாத. அப்படியே ரிவர்ஸ்ல போ" என்றார்.

யோசித்துப் பாருங்கள், சரிதான். வந்த வழியே பின்னாடி போனால் வண்டி வலமாகப் போகிறது. சாமிக்குக் குறை இல்லை. மூஞ்சி மட்டும் அந்தப் பக்கம் இருப்பதால் மலை ஐயாவுக்கு இடது கையிலேயே இருக்கிறது. சர்க்காருக்கும் குறை இல்லை. பூக்காரம்மாவே கொஞ்ச நேரம் யோசித்து, குறை சொல்ல வழி தெரியாமல் ஒதுங்கிவிட்டாள்.

ரிவர்ஸ் கியர் எதற்கு என்றால், சந்தில் திருப்ப, ஷெட்டில் விட. லிங்கம் லிங்கமாகப் போவதற்கு இல்லை. நான் கழுத்தை முறுக்கிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பார்க்கிறபோதெல்லாம் நடுவில் ஐயா தலை வந்தது. கோவிந்தன் வண்டி போகிற திசையில் முன்னால் நடந்து, ஒதுங்கு ஒதுங்கு என்று கை காட்டிக்கொண்டு போனார். சிவப்புப் பட்டைக்காரர் முன்னால் நடக்க, வெள்ளை வண்டி பின்பக்கமாக ஊர்ந்து வர, ஆந்திராக் கூட்டம் இது ஏதோ உற்சவம் என்று நினைத்துக்கொண்டு கோவிந்தா போட்டுக்கொண்டு கூடவே வந்தது. ஒருத்தர் டிக்கிக்குக் கற்பூரம் காட்டினார். ரேடியேட்டருக்குக் காற்றே இல்லை, கொதித்தது. கியர் ஊளையிட்டது, அடிபட்ட நாய் மாதிரி. ஐயா மட்டும் கண்ணெடுக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குபேர லிங்கம் கிட்ட அடியில் மடேரென்று ஒரு சத்தம். ரிவர்ஸ் பல் உடைந்துவிட்டது. ஜன்னலுக்கு ஓடிவந்த கோவிந்தனிடம் ஐயா, சுத்து முடிஞ்சுதான்னு கேளு என்றார். முடிஞ்சிதுங்க என்றேன்.

மலை தப்பாது. அந்த வருஷமே ஐயாவுக்கு பிரமோஷன் வந்தது. எனக்கு மெமோ வந்தது. கியர் பெட்டியைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு விளக்கம் கேட்டு. ஐயாதான் கையெழுத்துப் போட்டிருந்தார். என்ன எழுதுவது என்று கோவிந்தனைக் கேட்டேன். தேய்மானம்னு எழுது, எல்லாமே தேய்மானம்தான் என்றார். எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் பல வருஷம் அந்த வண்டி ரிவர்ஸ் இல்லாமலே ஓடியது. புது கியருக்கு எழுதிப் போட்டது மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் முட்டுச் சந்துகளைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டேன். நிறுத்துகிற இடத்திலேயே கிளம்புகிற வழியையும் பார்த்துக்கொள்வேன். தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் கோவிந்தன் இறங்கித் தள்ளுவார்.

கடைசியில் வண்டியைக் கண்டம் பண்ண, அதாவது இனி உதவாது என்று தள்ளிவிட, முடிவு செய்தார்கள். அதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு வண்டி ஓடாது என்று சான்று வாங்க வேண்டுமென்றால், அது ஜில்லா தாண்டி இருக்கிற பணிமனைக்கு ஓடிப் போக வேண்டும். ஓடிப் போனேன். அங்கே ஒருத்தர் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லா தானே வந்திருக்கு என்றார். ரிவர்ஸ் இல்லீங்க என்றேன். முன்னாடி போகுதில்ல, அது போதும், கவர்மெண்ட் வண்டி பின்வாங்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தது. அப்புறம் ஆபீஸ் பின்னால் புங்க மரத்தடியில் நிறுத்தினார்கள். ஓடாமல் நின்று நின்று நிஜமாகவே ஓடாமல் போனதும், கிரேனில் தூக்கிக்கொண்டு போய் சான்று வாங்கினார்கள். அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். என்னைக் கண்டம் பண்ண அவ்வளவு நாள் ஆகவில்லை.

ஏலத்தில் நானும் இரும்புக் கடைக்காரர் ஒருத்தரும்தான். அவர் எடைக்குக் கேட்டார். நான் எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, ஏலம் எனக்கு விழுந்தது. வீட்டில் வந்து சொன்னேன். உங்கம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "நல்லது. ரிட்டயர் ஆனதும் மூத்தாளையும் கூட்டிக்கினு வர்றீங்க. வாசல்ல அவ வந்து நின்னா, நான் செல்வி வீட்டுக்குப் போய்டுவேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. புடைக்கிற கை தாளம் மாறவே இல்லை.

வண்டி போளூர் ரோட்டில் ஷெரிப் பாய் ஷெட்டுக்குப் போனது. கதவைத் திறந்தால் பின் சீட்டு இடது பக்கத்தில் ஒரு தெரு நாய் குட்டி போட்டுப் படுத்திருந்தது. என்னைப் பார்த்து உறுமியது. பழக்க தோஷம், நான் ஒதுங்கி நின்றேன். குட்டிகள் கண் திறந்து தானாக இறங்கிப் போகிற வரைக்கும் நாங்கள் பானெட் பக்கமே வேலை பார்த்தோம். ஒயரெல்லாம் எலி தின்றிருந்தது. காலடியில் தகரம் போய், உட்கார்ந்தபடியே தரையைத் தொடலாம். பின் சீட்டைக் கழற்றின பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது பக்கம் ஸ்பிரிங் எல்லாம் படுத்துப் பள்ளமாகிவிட்டது, வண்டியே இடது பக்கம் சாய்ந்துதான் நின்றிருக்கிறது. வலது பக்கம் புதுசு மாதிரி இருந்தது. டிபன் கேரியருக்கு எடை கம்மி.

செங்கம் ரோட்டில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்து வண்டியைத் தடவிப் பார்த்து, இதற்குள் ஏதோ சக்தி இருக்கிறது என்றார். பாய், இருந்தது சார், பேட்டரிய எலி சாப்பிட்டுச்சு என்றார்.

எல்லாம் கிடைத்தது, ரிவர்ஸ் பல் மட்டும் கிடைக்கவில்லை. பாய், அதை விட்டுடலாம் அண்ணே, முன்னாடி ஓட்டிக்கலாம் என்றார். முடியாது என்றேன். நம்ம வீடு முட்டுச் சந்து. ரிவர்ஸ் இல்லாமல் உள்ளே வந்தால் அது வெளியே போகாது, அப்புறம் உங்கம்மா போய்விடுவாள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை கடையாக ஏறினேன். ஒரு கடைக்காரர், எஞ்சினுக்கு வராங்க, டைனமோவுக்கு வராங்க, பின்னாடி போறதுக்கு ஒரு ஆளு இவ்ளோ தூரம் வந்து இப்பதான் பாக்குறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு குவியலைக் காட்டினார். உட்கார்ந்து பொறுக்கினேன். முதலில் கொண்டுவந்தது பொருந்தவில்லை. மறுபடி போனேன். அதுவும் கடித்தது. மறுபடி போனேன். இந்தத் தடவை பாய் மாட்டிவிட்டுக் கியரைப் போட்டார். ஊளை இல்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

அதுதான் போன வெள்ளிக்கிழமை. ஷெட்டிலிருந்து பின்பக்கமாகவே வெளியே வந்தேன். யாரும் ஒதுங்கு சொல்லவில்லை, யாரும் கற்பூரம் காட்டவில்லை, பின் கண்ணாடியில் யார் தலையும் இல்லை. ரோடு முழுசாகத் தெரிந்தது. ஆயிரம் தடவை இந்த வண்டியைக் கிளப்பியிருக்கிறேன் பிள்ளைகளா, ஒரு தடவைகூட எங்கே போகணும் என்று நான் முடிவு பண்ணினதில்லை. அன்றைக்குப் போளூர் ரோட்டில் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வலதா இடதா என்று யாராவது சொல்லுவார்கள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் சொன்னான், அவன் பாஷையில்.

வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா வாசலில் நின்றாள். பை இல்லை, கையில் தட்டு இருந்தது. தேங்காய், எலுமிச்சம்பழம். "எதிர்வூட்டுக்காரங்க பாக்குறாங்க. அதுக்குதான்" என்றாள். சக்கரத்துக்குப் பழம் வைத்தாள், தேங்காய் உடைத்தாள், பொட்டு வைத்தாள். நான் இறங்கினேன். பானெட்டைச் சுற்றி வந்தேன். பின்பக்க இடது கதவை இடது கையால் திறந்து, வலது கையை மேல் விளிம்பில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. இடுப்பு, கை, கால் எல்லாம் தானாகவே செய்தது.

அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "இது நாய் சீட்டு" என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவள் தட்டைத் திண்டில் வைத்துவிட்டு, டிக்கிப் பக்கமாகச் சுற்றிப் போனாள். வலது கதவைத் தானே திறந்து, எனக்குப் பின்னால், கேரியர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சந்து முழுக்க எதிரொலித்தது.

நான் சந்திலிருந்து பின்னாடி எடுத்தேன். மெயின் ரோடு வந்ததும் கொஞ்சம் மிதித்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது, எனக்கு இல்லை, காலியாக இருந்த முன் சீட்டுக்கு: "மெதுவா போகச் சொல்லு."

மிதியிலிருந்து காலை எடுத்தேன். நானும் அந்தச் சீட்டைப் பார்த்து, "சரிங்கனு சொல்லுங்கண்ணே" என்றேன்.

செங்கம் ரோட்டில் ஐயா இருந்த அந்தப் பழைய பங்களா வந்தது. நான் கவனிக்கவே இல்லை, வண்டி தானாக ஒதுங்கி கேட்டுக்கு நேராக, இடது கதவு படிக்கு நேராக நின்றது. கை ஹாரனுக்குப் போய்விட்டது. உள்ளேயிருந்த வாட்ச்மேன் ஓடிவந்து சல்யூட் அடித்தார். பின்னாலிருந்து முன் சீட்டுக்கு உத்தரவு வந்தது: "ஐயா டிரான்ஸ்பர் ஆயிட்டாருனு சொல்லு. வண்டிய எடுக்கச் சொல்லு."

எடுத்தேன். வலமாகத்தான் சுற்றினோம். மலை எங்கள் பக்கம் இருந்தது, எனக்கும் அவளுக்கும். வெயில் ஏறாத நேரம், பாறையெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அடி அண்ணாமலையில் வேகத்தடைக்கு நிதானித்தேன். அந்தப் பூக்காரம்மா, தலை முழுக்க நரைத்து, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு ஒழுங்கா போறியே" என்றாள். உங்கம்மா ஜன்னல் வழியாகக் கை நீட்டி ஒரு முழம் வாங்கினாள். பாதியைத் தலையில் வைத்துக்கொண்டாள். மீதிப் பாதியை எதற்கு வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

செல்வி, நீ வருகிறபோது இடது பின் சீட்டு உனக்கு. புது ஸ்பிரிங் போட்டாகிவிட்டது. ஜன்னலில் கோணல் கையை வைத்துக்கொள்ளலாம், யாருக்கு வேண்டுமானாலும் டாட்டா காட்டலாம். பாபு, உனக்கு முன் சீட்டு. அங்கே உட்கார்ந்தால் உங்கம்மா சொல்வதை என்னிடம் சொல்ல வேண்டியிருக்கும், தயாராக வா.

வீட்டுக்குத் திரும்பி சந்துக்குள் விட்டேன். இறங்கிக் கதவைத் திறக்கலாம் என்று போவதற்குள் அவளே இறங்கிவிட்டாள். மீதிப் பூவை முன் கண்ணாடிக்குள் தொங்கவிட்டாள். வாசல்படி ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். முன் சீட்டைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தே சொன்னாள்:

"மூத்தாள வெயில்ல நிறுத்தாதீங்க. என் பழைய பொடவ ஒண்ணு இருக்கு, எடுத்தாறேன், போத்துங்க."